நூறு புள்ளியில் ஒரு முகம்

படத்தை என் கடைக் கணினித் திரையில் பெரிதாக்கியதும் எனக்கு எரிச்சல் மூண்டது. ஒரு பெண்ணின் முகம். கண் இருக்க வேண்டிய இடத்தில் நாலு கறுப்புக் கட்டம், வாய்க்குப் பதில் பழுப்பாக ஒரு பட்டை. நெற்றியில் எவன் விரலோ பட்ட எண்ணெய்க் கறை வேறு. ஸ்கேனர் கண்ணாடியைத் துடைக்கக்கூட ஸ்கேன் எடுத்தவனுக்கு உடம்பு வளையவில்லை.

"எங்கம்மாண்ணே. அவங்களுக்குன்னு இருந்தது இந்த ஒரு ஸ்டாம்ப் சைஸ் போட்டோதான்" என்றாள் எதிரே நின்ற பெண். "ஒரு அடி அகலத்துக்குப் பெரிசாக்கி மாட்டணும்."

"எங்க மாட்டுறது? அங்குலத்துக்கு நூறு புள்ளின்னு ஸ்கேன் பண்ணியிருக்கான். சான்றிதழுக்கு வைக்கிற அளவு அது. படத்தோட அகலமே ஒரு அங்குலம், ஆக மொத்தமே நூறு புள்ளி. அதை ஒரு அடிக்கு இழுத்தா அங்குலத்துக்கு எட்டுதான் வரும். நல்லா அச்சாக முந்நூறு வேணும்மா. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?"

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ரெண்டாயிரத்து நானூறில் வைத்திருந்தால் அங்குலத்துக்கு இருநூறாவது வந்து பிழைத்திருக்கும். ஒரு சொடுக்கு, கூடுதலாக இரண்டு நிமிடம், அவ்வளவுதான். அதற்குக்கூட உடம்பு வணங்காத சோம்பேறிகள் எல்லாம் கடை போட்டுவிடுகிறார்கள்.

"சரி, அசல் போட்டோவைக் கொண்டு வா. நானே எடுத்துத் தரேன்."

"இல்லண்ணே. அப்பா அதை எப்பவும் சட்டைப் பையிலயே வெச்சிருப்பாரு. போன மாசம் அவர் போனப்போ கூடவே வெச்சு அனுப்பிட்டோம். ஸ்கேன்தான் இருக்கேன்னு..."

"எந்தப் பாவி பண்ணினான் இதை? பெரிசாக்கணும்னு அவன்கிட்ட சொன்னியா இல்லையா?"

"சொன்னேன். பின்னாடி பெரிசாக்கலாமான்னு கேட்டேன். நீங்க தலையைத் தூக்காமலே தாராளமான்னு சொன்னீங்க."

நானா? என் ஸ்கேனரின் மூடியைத் திறந்து பார்த்தேன். கண்ணாடியின் மூலையில் அதே எண்ணெய்க் கறை. கல்லூரிச் சேர்க்கைக் கூட்டத்தில் சீக்கிரம் முடியட்டும் என்று நூறிலேயே வைத்து, வந்ததையெல்லாம் ஒரே மாதிரி தள்ளிவிட்ட வாரமாக இருக்க வேண்டும். இவள் முகம்கூட எனக்கு நினைவில்லை. மல்லாந்து படுத்துக்கொண்டு இவ்வளவு நேரம் எச்சில் துப்பியிருக்கிறேன். என்னை நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

"என்னை மன்னிச்சிரும்மா" என்றேன்.

"உங்களைத் திட்ட வரலண்ணே. முகம் கெடாம எவ்வளவு பெரிசாப் போடலாம்? அதை மட்டும் சொல்லுங்க."

நூறை முந்நூறால் வகுத்தேன்: அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. சுண்டுவிரலை நீட்டி அதன் நகத்தைக் காட்டினேன். நகத்தில் அழுக்கு அப்பியிருந்தது.

அவள் நெருங்கி வந்து, கண்ணை இடுக்கி, அதையே பார்த்தாள்.