இடுப்பெலும்பு யாருக்கு

எர்மெக் தலைநகரில் உபசரிப்பு அதிகாரி. எந்த விருந்தாளியை எங்கே உட்கார வைப்பது, யார் கையை முதலில் குலுக்குவது என்று சொல்வதுதான் இருபது வருட உத்தியோகம். அப்பேர்ப்பட்டவன் சொந்த ஊரில் பெற்ற அப்பனை எங்கே உட்கார வைத்தான் என்று கேளுங்கள்.

ஊர் பாத்கென் பக்கம், நாட்டு எல்லையான வாய்க்காலின் இக்கரை. அக்கரையில் தஜிக்குகள். தண்ணீருக்காக மூண்ட சண்டையில் எர்மெக்கின் தம்பி செத்தான். அக்கரையில் மிர்ஸோஷரீஃப் கிழவரின் பேரன் செத்தான். நாலு வருடமாக அந்தக் கிழவரும் எர்மெக்கின் அப்பா சாதிர்பாயும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை.

அப்போதுதான் உலக சமாதான மேடை என்று ஒன்று புதிதாக முளைத்தது. அதன் தலைவர் சாகும்வரை தலைவர். கேட்ட பணத்தைக் கட்டிய நாட்டுக்கு நிரந்தர இடம், கட்டாத நாட்டுக்குக் கழுத்தில் தொங்க ஒரு பார்வையாளர் அட்டை. முதல் கூட்டம் இந்த வாய்க்கால் கரையில்தான் நடக்க வேண்டுமாம். சமாதானத்துக்குக் கிழவர்கள் தேவைப்பட்டார்கள்.

அப்பாவைச் சம்மதிக்க வைக்க எர்மெக் மூன்று நாள் கெஞ்சினான்.

"உங்கள வச்சுத்தாம்பா கூட்டமே. வாசலுக்கு எதிர்ல, பெரியவங்க எடத்துல, நீங்களும் அவரும்தான். முதல் பேச்சு உங்களோடது. தண்ணிக்கு முறை வைக்கணும்னு சொல்லுங்க, உலகமே கேக்கும்."

"உலகம் கெடக்கட்டும். நீ சொல்றியா?"

"நான் சொல்றேன்பா."

"அப்ப வர்றேன்."

கூட்டத்தன்று சாதிர்பாய் வெள்ளைக் கம்பளித் தொப்பி வைத்துக்கொண்டு வந்தார். கூட்டத்துக்குப் போட்ட கூடாரத்தில் மிர்ஸோஷரீஃப் தன் திண்டை நகர்த்தி இடம் விட்டார்.

மேடையின் செயலர் அம்மாள் பட்டியலோடு வந்தார். "அந்த வரிசை பணம் கட்டிய உறுப்பினர்களுக்கு" என்றார். மறுத்துச் சொல்ல எர்மெக்குக்கு மூன்று மொழி தெரியும். மூன்றையும் விட்டுவிட்டு அப்பா பக்கம் குனிந்தான்.

"அப்பா, கொஞ்ச நேரம் வாசப் பக்கம்..."

"செருப்பு கெடக்குற எடத்துக்கா?"

"படத்துக்குத்தாம்பா."

சாதிர்பாய் மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்தார். மிர்ஸோஷரீஃபும் கூடவே எழுந்தார். "வாங்க சாதிர்பாய். நம்மள ஒண்ணாத்தான் துரத்துறாங்க" என்றார். நாலு வருடத்தில் அதுதான் முதல் பேச்சு.

கறி வந்தது. பங்கு வைக்க வேண்டியவன் எர்மெக். இடுப்பெலும்புத் துண்டு சபையில் மூத்தவருக்கு என்பது இங்கே நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும். செயலரின் விரல் நீண்ட இடத்தில், முப்பது வயதுப் பிரதிநிதி ஒருவன் முன்னால் எர்மெக் அதை வைத்தான். அவன் படம் எடுத்துக்கொண்டு தட்டைத் தள்ளிவிட்டான்.

பரிமாறிக்கொண்டிருந்த அக்கா பெர்மெத் அவன் காதருகே குனிந்தாள். "கண்ணு அவிஞ்சு போச்சாடா? அது யாரு துண்டு?"

எர்மெக் அடுத்த துண்டை எடுத்தான். அப்பாவுக்கு விலாவில் ஒரு துண்டு போனது. அவர் அதைத் தின்றார்.

பிறகு தலைவர் திரையில் தோன்றி, பணம் கொடுத்தவர்களுக்குத் தொகை வரிசைப்படி முக்கால் மணி நேரம் நன்றி சொன்னார். அப்பாவின் பேச்சுக்கு நேரமில்லை என்றார்கள். இரண்டு கிழவர்களையும் கை குலுக்க வைத்துப் படம் மட்டும் எடுத்தார்கள்.

சாப்பாடு முடிந்தால் மூத்தவர் கை விரித்து ஆசி சொல்லும்வரை யாரும் எழக்கூடாது. சாதிர்பாய் வாசலோரம் கை விரித்தார். விருந்தாளிகள் அந்தக் கைகளைத் தாண்டிக்கொண்டு வெளியே போனார்கள்.

"எர்மெக், வண்டி!" என்றார் செயலர்.

விரித்த கைகளோடு அப்பா அவனையே பார்த்தார். உட்காரு என்று அவர் சொல்லவில்லை. எர்மெக்கும் அந்தக் கைகளைத் தாண்டி ஓடினான்.

கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றபோது கூடாரத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"மூணு நாள் தண்ணி எங்களுக்கு, மூணு நாள் உங்களுக்கு. மிச்சம் இருக்கற பிள்ளைகளாவது நல்லா இருக்கட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றது மிர்ஸோஷரீஃபின் குரல். "ஓமின்!" என்று உள்ளே எழாமல் இருந்த இரு கரை ஊர்க்காரர்களும் சொன்னார்கள்.

ஆசியை முடிக்கும் ஓமின் கேட்டதும் இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொள்ள வேண்டும். எர்மெக்கின் கைகள் கதவில் இருந்தன. செயலர் இன்னும் ஏறவில்லை, போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.