இரண்டு நட்சத்திரக் குறிகள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதையும் ஒரு பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். கம்ப்யூட்டரில் இருப்பவற்றைத் தேட, நகர்த்த, அழிக்க உதவும் ஓர் இலவச மென்பொருளை நாங்கள் ஆறு பேர் ஓய்வு நேரத்தில் எழுதுகிறோம். வருகிற புகார்களுக்குப் பதில் போடுவது என் வேலை. என் பதில்களின் லட்சணத்தைப் பார்த்து மற்ற ஐந்து பேரும் எனக்கு வைத்த பெயர் கரடி. எங்கள் இணையதளத்திலும் நான் கரடிதான்.

அந்த மென்பொருளில் ஒரு பெட்டி உண்டு. அதில் ஒரு பெயரை அடித்தால், அச்சு அசலாக அந்தப் பெயருள்ளது மட்டும் தேர்வாகும். பெயரில் அந்த வார்த்தை எங்கே வந்தாலும் எடு என்று சொல்ல வேண்டுமானால் முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி போட வேண்டும். எவனுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்கும்? போன மாதம் நான் அதை மாற்றினேன். குறியே வேண்டாம், வார்த்தை எங்கே இருந்தாலும் எல்லாம் தேர்வாகிவிடும். ஆஹா ஓஹோ என்று நாலு பேர் எழுதினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு வாரத்தில் புதிய பதிப்பு எல்லோர் கம்ப்யூட்டருக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த வாரமே, பெயர் போடாமல் யாரோ ஒரு புகார் அனுப்பியிருந்தார்கள். ஒரு ஃபோல்டரை அழிக்கப் போய் எல்லாமே அழிந்துவிட்டதாம். ‘இது பிழை அல்ல, வசதி. அழிப்பதற்கு முன் கண்ணைத் திறந்து பார்க்கவும்’ என்று முகத்தில் அடித்தாற்போல் எழுதி, புகாரை மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. பேச்சு போனவர்களுக்குப் பேசப் பயிற்சி கொடுப்பாள். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

“என்னக்கா, மூஞ்சியே சரியில்ல?”

“ஒண்ணுமில்லடா. வேலையில ஒரு தப்பு பண்ணிட்டேன்.”

வாயைக் கிளறிக் கிளறித்தான் விஷயத்தை வாங்கினேன். அவளிடம் வருபவர்களில் ஒருவர் பஸ் டிரைவர். பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. நாற்பத்தொரு வாரமாக அவர் பேசியதையெல்லாம் அக்கா பதிவு செய்து வைத்திருந்தாள். மைக் வேலை செய்கிறதா என்று முதலில் ஒரு சோதனைப் பதிவு; அது ‘குரல்’ என்ற ஃபோல்டரில் தானாகப் போய் விழும். நிஜப் பதிவுகளுக்கு ‘குரல் முதல் வாரம்’, ‘குரல் இரண்டாம் வாரம்’ என்று அவளே பெயர் வைப்பாள். வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் மென்பொருளின் பெட்டியில் ‘குரல்’ என்று அடித்து, சோதனையை மட்டும் அழிப்பாள். நோயாளிகளின் பதிவு குப்பைத்தொட்டியில்கூட தங்கக் கூடாது, வேறெங்கும் நகல் இருக்கக் கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி. அதனால் அடியோடு அழிப்பாள். மவுஸை வைத்துக்கொண்டு தேடாதே, பெட்டியில் அடி என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

“போன வாரமும் அதையேதான்டா பண்ணேன். நாப்பத்தோரு வாரமும் போயிடுச்சு.”

“மீட்டுப் பார்க்கலாமே...”

“ஆஸ்பத்திரி ஆளுங்க பார்த்தாச்சு. ஒண்ணும் தேறல. பயிற்சிய நீட்டிக்கறதான்னு முடிவு பண்ற கமிட்டியில, முதல் வாரம் எப்படிப் பேசினார்னு கேட்டாங்க. காட்ட என்கிட்ட என்ன இருக்கு? தேறி வர்றார்ங்கறதுக்கு ஆதாரம் இல்லைன்னு இந்த மாசத்தோட பயிற்சிய நிறுத்திட்டாங்க.”

“என்கிட்ட ஏன்க்கா சொல்லல?”

“சொன்னா நீ கத்துவ. அதான் பேர் போடாம உங்க தளத்துல கேட்டேன். யாரோ கரடியாம். கண்ணைத் திறந்து பாருன்னு பதில் போட்டிருந்தான். சரியாத்தானே சொல்லியிருக்கான்? நான்தான் பார்க்கல.”

சொல்லாமல் எழுந்து போயிருக்கலாம். அப்படி ஒரு நினைப்பு வந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

“அக்கா, அந்தக் கரடி நான்தான். அந்தப் பெட்டிய மாத்தினதும் நான்தான். உன் மேல தப்பே இல்ல.”

பாதி மடித்த துண்டு அவள் கையிலேயே இருந்தது. நாலு அறை விட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

“என்கிட்ட சொல்லி என்னடா ஆகப்போகுது? வெள்ளிக்கிழமை அவருக்குக் கடைசி வகுப்பு. வந்து அவர்கிட்ட சொல்லு.”

அன்றே பெட்டியைப் பழையபடி மாற்றினேன். தவறு என்னுடையது என்று கமிட்டிக்குக் கடிதம் எழுதினேன். அக்கா மேல் நடவடிக்கை இருக்காது, ஆனால் பதிவு இல்லாமல் பயிற்சியை நீட்டிக்க முடியாது என்று பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை போனேன். சின்ன அறை. ஒரு மேஜை, மூன்று நாற்காலி, வாய் அசைவதைப் பார்த்துப் பழக ஒரு கண்ணாடி. டிரைவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். நான் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தேன். அவர் கண்ணாடியைப் பார்த்து உதட்டைக் கூட்டினார். நான் வார்த்தையை எடுத்துக்கொடுக்கப் போக, அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“எ... எதுக்கு... மாத்துனீங்க... தம்பி?”

அவர் திட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“ரெண்டு நட்சத்திரக் குறி போடுற வேலை மிச்சமாகும்னு, ஐயா.”

அவருக்குப் புரியவில்லை. ஒரு விரலைத் தூக்கி, இன்னொரு முறை சொல்லும்படி சைகை காட்டினார்.

சொன்னேன்.