நாலு டிராயர் கட்டில்

மண்ணூரில் சாரதாம்மா வீட்டு மாடியில் குடியேறி மூன்று மாதம். அங்கிருந்த இரும்புக் கட்டில் ரொம்பச் சின்னது. அதனால்தான் புதுப் பெண்டாட்டி ஜாஸ்மின் நைசாக இறங்கி, கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுக்கிறாள் என்று மாரிசெல்வம் முடிவு கட்டியிருந்தான். தூத்துக்குடிக்காரனுக்கு ரோஷம் வந்தது. ஒரு மாதம் ஓ.டி. பார்த்து, பெரிய கட்டிலாக வாங்கி இறக்கினான். அடியில் தரைவரைக்கும் நாலு டிராயர்.

"மகாராணி மாதிரி படுட்டி!"

"நல்லாயிருக்கப்பா," என்றாள். முகம் மட்டும் நன்றாக இல்லை.

அன்றோடு அவள் தூக்கம் போனது. நாலாம் நாள் கம்பெனி லைனில் நின்றபடியே கண்ணயர்ந்து சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் துணிகளைப் பையில் அடுக்கினாள்.

"கொஞ்ச நாள் கம்பெனி ஹாஸ்டல்ல இருந்திட்டு வாறன்."

"நான் என்ன குறை வச்சேன்?"

"உங்களில ஒரு பிழையும் இல்லை."

அந்த நேரம் பார்த்து சாரதாம்மாவின் மகள் ராஜலட்சுமி படியேறி வந்தாள். சென்னையில் மானிடவியல் ஆராய்ச்சி செய்கிறவள். இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்தவர்களைப் பேட்டி எடுக்கிறாள். ஜாஸ்மின் போன வாரமே சம்மதித்திருந்தாள். மாரிசெல்வம் டீ போடப் போனான். காது கூடத்திலேயே இருந்தது.

"கெட்ட கனவு வருதா?"

"இல்லை அக்கா."

"திடீர்னு அழுகை?"

"இல்லை."

பக்கம் முழுக்க 'இல்லை' விழுந்ததும் ராஜலட்சுமி படிவத்தை மூடி வைத்தாள். "சரி, இதை வுடு. சின்ன வயசுல எங்க படுத்துத் தூங்குவ?"

"பங்கருக்குள்ள. வன்னியில எங்கட முற்றத்தில அப்பா பதுங்குகுழி வெட்டினவர். மேல பனங்குற்றி, மண்மூட்டை. ஷெல் விழேக்க உள்ள ஓடிடுவம். அம்மா இருட்டுக்குள்ள மாமி மாதிரிப் பேசிக் காட்டுவா. சிரிச்சுச் சிரிச்சே நித்திரையாகிடுவன்." பையின் வாரை இழுத்துக் கட்டினாள். "அப்பா செத்தது வெளியில. உள்ள இருந்த எங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லை. முகாமிலயும் ஹாஸ்டல்லயும் கட்டிலுக்குக் கீழதான் படுப்பன். தலைக்கு மேல கிட்டவா ஏதும் இருந்தால்தான் கண் மூடும்."

"இதுக்கு டாக்டர்..."

"நோய் எண்டு எழுதாதேங்கோ அக்கா. அது என்ட நித்திரை."

ராஜலட்சுமி நோட்டில் எழுதிய சொல்லை அடித்தாள். "அவர்கிட்ட சொல்லலாமே?"

"ஆசையா வாங்கினவர். எப்படிச் சொல்லுறது?"

டீ பொங்கி அடுப்பை அணைத்தது. மாரிசெல்வம் டம்ளரோடு வரவில்லை, ஸ்க்ரூ டிரைவரோடு வந்தான். கார் கம்பெனியில் நாள் முழுக்கக் கதவுக்கு ஸ்க்ரூ முடுக்குகிற கை. அரைமணியில் நாலு டிராயரும் சுவரோரம் போய்ச் சேர்ந்தன. தானே உள்ளே நுழைந்து பார்த்தான். தொப்பை இடித்தது.

"கேன்டீன் சாப்பாடு," என்றாள் ஜாஸ்மின்.

அவன் மாடியிலிருந்து குரல் கொடுத்தான். "யக்கா, ஹாலோபிளாக் கல்லு நாலு இருக்கா?"

"இன்னாடா, என் வூட்டை இடிச்சிகினு கீறியா?" என்று திட்டிக்கொண்டே சாரதாம்மா கல்லைக் காட்டினாள்.

கட்டில் உயர்ந்தது. அவன் மறுபடியும் நுழைந்து மல்லாந்தான். "ஏட்டி, இங்கன நல்லா குளுகுளுன்னு இருக்கே!"

புதுக் கட்டில் வந்த பிறகு முதல் தடவையாக அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "தள்ளிப் படுங்கோ."

மத்தியானம் முறுக்கோடு மேலே வந்த ராஜலட்சுமி வாசலிலேயே நின்றுவிட்டாள். கட்டிலுக்கு வெளியே நாலு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே இரண்டு குறட்டை. புது மெத்தையில் மகாராணி மாதிரி படுத்திருந்தது, ஹாஸ்டலுக்குக் கட்டி வைத்த பை.