புதன்கிழமைக் கை

பாண்டித்துரைக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மறுநாள், ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்தில் நின்று சுகந்தி வாக்குக் கொடுத்தாள். இனி வீட்டில் கறி கிடையாது, மீன் கிடையாது, முட்டைகூடக் கிடையாது. புருஷன் வாயைக் கட்டினால் அவளும் கட்டுவாள். டாக்டர் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆட்டுக்கறியையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் விடச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் பதினாறு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா? இன்றைக்கு மீன் என்றால் நாளைக்கு மூளை வறுவல் கேட்டு நிற்கிற ஆள் அவன்.

சைவமாவது சொல்லச் சுலபம். ஐந்து மணிக்கு எழுந்து, இரண்டு பெண்பிள்ளைகளுக்குச் சடை பின்னி, டப்பா கட்டி, எட்டேகால் பஸ்ஸைப் பிடித்து, தென்காசியில் பத்திரம் எழுதும் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன் உட்காருகிறவளுக்கு வாழைப்பூ ஆய நேரம் ஏது? முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு வைத்தால் திங்கள் மத்தியானம் வரை ஓடும், ருசியும் ஏறியிருக்கும். கத்தரிக்காய்க்கு அந்த விசுவாசம் கிடையாது. எதிர்வீட்டுக் கல்யாணசுந்தரி அக்கா, பிறந்ததிலிருந்து முட்டையைத் தொடாதவள், சேனைக்கிழங்கை மீன்துண்டு மாதிரியே வறுக்கச் சொல்லிக் கொடுத்தாள். சின்னவள் ஒரு கடி கடித்துவிட்டு முள் எங்கே என்றாள். பாண்டித்துரை ஒரு வார்த்தை பேசாமல் தட்டை வழித்துச் சாப்பிட்டான். அதுதான் சுகந்திக்குத் தாங்கவில்லை.

ஆனி பிறந்ததும் சாரல் இறங்கியது. மலை இருந்த இடம் தெரியவில்லை. தூறலா புகையா என்று சொல்ல முடியாத ஒன்று அவர்கள் ஊரான இலத்தூரின் தெருக்களில் நாள் முழுக்க மிதந்தது. அந்தக் குளிரில் விடியும் நேரமெல்லாம் அவளுக்கு ஒரே கனவு. அருவித் தண்ணீரோடு சாளை மீன்கள் பொலபொலவென்று கொட்டுகின்றன; அவள் முந்தானையை விரித்துப் பிடிக்கிறாள்; ஒன்றுகூடக் கீழே விழவில்லை. எழுந்து பல் தேய்க்கும்போதும் நாக்கில் உப்பு இருக்கும்.

அப்படி ஒரு புதன்கிழமைதான் தவறிப்போனாள். கடையநல்லூரிலிருந்து வருகிற பக்கத்து மேசை செய்யதலி பாத்திமா சோற்று டப்பாவைத் திறந்தாள். பொரித்த சாளை. வேண்டுமா என்றுகூடக் கேட்காமல் மூடியில் இரண்டை வைத்துத் தள்ளினாள். சுகந்தி முள்ளோடு தின்றாள். தின்றுவிட்டு அழுகை வந்தது. அடுத்த புதன்கிழமையும் தின்றாள்.

கையைச் சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவினாள். எலுமிச்சைத் தோலை வைத்துத் தேய்த்தாள். அதற்கெல்லாம் அசைகிற மீனா சாளை? சாயங்காலம் உரக்கடை வேலை முடிந்து பாண்டித்துரை பைக்கில் அழைத்துப்போக வருவான். எப்போதும் அவன் தோளில் கை போட்டு உட்காருகிறவள், மூன்றாவது வாரத்திலிருந்து பயந்துபோய்ப் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பயம் இன்னொன்றும் இருந்தது. மற்ற நாளெல்லாம் நேர்வழியில் வீட்டுக்குப் போகிறவன், புதன்கிழமையானால் குற்றாலம், செங்கோட்டை என்று சுற்றிக்கொண்டு போனான். கேட்டால் சாரல் நன்றாக இருக்கிறது என்பான். அந்த வழியில்தான் பரோட்டாக் கடைகள். நாட்டுக்கோழி வறுவலின் வாசனை சாலைக்கே வந்து ஆளைக் கூப்பிடும். என்றைக்காவது ஒருநாள் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுவான். அப்போது தடுக்க அவளுக்கு எந்த வாய் இருக்கிறது?

ஐந்தாவது புதன்கிழமை. வெள்ளையாய் மூடிக் கிடந்தது சாலை. கடையின் விளக்கு மங்கலாகத் தெரிந்தது. பரோட்டா கொத்துகிற சத்தம் கேட்டது. வண்டி மெதுவாகி, மெதுவாகி, நின்றேவிட்டது.

சுகந்தி முந்திக்கொண்டாள். "ஏங்க, நான் மீன் தின்னுட்டேன். இன்னைக்கு மட்டும் இல்ல, அஞ்சு புதன்கெழமையா."

அவன் திரும்பவில்லை. வண்டிக்கு முன்னால் குட்டியை வயிற்றில் தொங்கவிட்டபடி ஒரு குரங்கு நிதானமாகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தது. அதற்காகத்தான் நிறுத்தியிருக்கிறான்.

"தெரியும்ட்டி," என்றான். "மொத நாளே தெரியும். நெஞ்சுலதான ஸ்டென்ட் வச்சிருக்கு, மூக்குலயா வச்சிருக்கு?"

கோபமா, கேலியா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்றாள். அழுகையில் பாதி வார்த்தை வரவில்லை.

"கேட்டா நிறுத்திருவேல்லா."

குரங்கு போய்விட்டது. ஆனாலும் அவன் வண்டியை எடுக்கவில்லை.

"நேர் ரோட்டுல போனா காமணி நேரத்துல வீடு வந்துருது. அதான் சுத்திப் போறது. இப்ப மூணு வாரமா நீ கைய எங்கனயோ பின்னாடி வச்சுக்கிடுத. தோள்ல போடு."

சுகந்தி கையைப் போட்டாள். அவன் கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, அவளுடைய விரல்களுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து மூச்சை மெல்ல உள்ளே இழுத்தான். பரோட்டாக் கடை வந்தது, போனது. அவன் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. செங்கோட்டை வரைக்கும் இரண்டாவது கியரிலேயே போனான்.