கம்பியில் பூஜ்யம்

யுதெல்காவுக்குச் சந்தேகமே இல்லாத விஷயம் ஒன்று உண்டென்றால், பக்கத்து வீட்டு எர்சிலியா தன் இன்டர்நெட்டைத் திருடுகிறாள் என்பதுதான் அது. சாந்தியாகோவில் அவர்கள் குடியிருந்த சந்து முழுக்க இது தெரியும். தெரியாதவர்களை நிறுத்தி வைத்து யுதெல்காவே சொல்லிவிடுவாள். ஹோட்டல் விருந்தாளிகளின் புகார்களுக்கு வீட்டிலிருந்தபடியே ஆங்கிலத்தில் பதில் சொல்வது அவள் வேலை. பேச்சு நடுவே வைஃபை திணறினால் போதும், எர்சிலியா வீட்டுச் சுவரைப் பார்த்து முறைப்பாள். அப்புறம் கணவன் வாஸ்கரை அலமாரி மேலிருக்கும் இன்டர்நெட் பெட்டியை எட்ட நாற்காலியில் ஏற்றி, பாஸ்வேர்டை மாற்றச் சொல்வாள். அவனும் ஏறுவான், எதையோ தட்டுவான், அவள் லேப்டாப்பிலும் எதையோ தட்டுவான், மாற்றியாயிற்று என்று நழுவிவிடுவான்.

போன தவக்காலத்தில் சண்டை முற்றியது. சிவப்பு பீன்ஸைத் தேங்காய்ப்பாலில் காய்ச்சிய பாயசம் வீட்டுக்கு வீடு போய்க்கொண்டிருந்த நாள். ஒரு விருந்தாளியிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு அறுந்தது. அந்த ஆள் மேலிடத்துக்கே புகார் எழுதிவிட்டான். யுதெல்கா சந்தில் இறங்கி வாய்க்கு வந்தபடி கத்தினாள். எர்சிலியா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. மடியில் கனம் இருக்கிறவள் எப்படிப் பேசுவாள் என்று யுதெல்கா நினைத்துக்கொண்டாள். அன்று மாலை எர்சிலியா கொடுத்தனுப்பிய பாயசக் கிண்ணம் மூடிகூடத் திறக்கப்படாமல் திரும்பிப் போனது.

இந்த வருடம் கம்பெனி ஒரு புது விதி போட்டது. வைஃபை வேகம் கணக்கில் வராது. லேப்டாப்பைக் கேபிள் போட்டுப் பெட்டியோடு இணைத்து, மேற்பார்வையாளர் கண்ணெதிரே வேகத்தைக் காட்ட வேண்டும். இன்று மதியத்துக்குள் காட்டாதவர்களுக்கு நாளையிலிருந்து வேலை இல்லை.

யுதெல்கா துளியும் கலங்கவில்லை. உள்ளுக்குள் குஷிதான். காற்றில் வருவதை எர்சிலியா உறிஞ்சலாம், கம்பிக்குள் வருவதை என்ன செய்வாள்? புதுக் கேபிள் வாங்கி வந்து, முதலில் வைஃபையில் சோதித்தாள். பதினெட்டு. பிறகு அலமாரி மேல் கைவிட்டுத் தடவிப் பெட்டியில் கேபிளைச் செருகி, வைஃபையை அணைத்துவிட்டுச் சோதித்தாள்.

பூஜ்யம்.

கழற்றி மாட்டினாள். கேபிளின் தலையை வாலாக்கிப் பார்த்தாள். பழைய கேபிள் ஒன்றைத் தேடி எடுத்துச் செருகினாள். பூஜ்யம் அசையவில்லை. வைஃபையை மறுபடி போட்டு மேற்பார்வையாளர் பெர்னாபேயை வீடியோவில் கூப்பிட்டாள். அவன் சொல்வதையெல்லாம் செய்து பார்த்தும் பலனில்லை.

"கம்பியில சுத்தமா ஒண்ணும் வரலைன்னா, வைஃபை மட்டும் எங்கேருந்து வருது?" என்றான் பெர்னாபே. "எந்தப் பேர்ல சேர்ந்திருக்குன்னு பாருங்க."

லேப்டாப் தானாகச் சேர்ந்துகொள்ளும். அவள் ஒருநாளும் பெயரைப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். 'எர்சிலியா குடும்பம்' என்றிருந்தது.

நாற்காலி போட்டு அலமாரி மேல் எட்டிப் பார்த்தாள். பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. வாசலுக்கு ஓடிப் பார்த்தாள். பெட்டியிலிருந்து வந்த ஒயர் சுவர் ஓட்டை வழியாக வெளியே வந்து, கம்பத்தைத் தொடாமல், பாதியில் அறுந்து அந்தரத்தில் தொங்கியது. முனை துருப்பிடித்துப் போயிருந்தது.

வாஸ்கரைப் போனில் பிடித்தாள். அவன் முதலில் மழுப்பிப் பார்த்தான். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு லாரி சந்தின் ஒயர்களை இழுத்துக்கொண்டு போனது. மற்றவர்கள் சரிசெய்துகொண்டார்கள். அவன் நாளை நாளை என்று தள்ளிப்போட்டு, ஒரு வாரத்துக்கு மட்டும் என்று எர்சிலியாவிடம் பாஸ்வேர்டு வாங்கினான். பில் கட்ட யுதெல்கா கொடுத்த பணம் முனைக்கடை டோமினோ சூதாட்ட மேஜையில் கரைந்தது. வெளியே சொல்லக் கூடாது என்று எர்சிலியாவிடம் சத்தியமும் வாங்கியிருந்தான்.

"நான் நடுச்சந்துல நின்னு அவங்களைத் திருடின்னேனே, அப்பவாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"நீ கத்தின கத்துல எனக்கே நாக்கு ஒட்டிக்கிச்சு, யுதெல்கா."

அவனைக் கவனிக்கும் வேலையைச் சாயங்காலத்துக்கு ஒத்திவைத்தாள். மதியம் நெருங்கிவிட்டது. உயிருள்ள பெட்டி பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்ன, லேப்டாப்பையும் கேபிளையும் தூக்கிக்கொண்டு எர்சிலியாவின் கதவைத் தட்டினாள்.

எர்சிலியா அவள் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த கேபிளைப் பார்த்தாள், வழிவிட்டாள். மேஜை மேல் காயப்போட்டிருந்த பீன்ஸை ஒதுக்கி இடம் செய்து கொடுத்தாள். அங்கே வைஃபையிலேயே அறுபது காட்டியது. கேபிள் போட்டதும் தொண்ணூற்று நாலு.

"பாத்தீங்களா?" என்றான் லேப்டாப் திரையில் பெர்னாபே. "முன்னாடி இருந்த இடத்துல சுவர்தான் பாதிக்கு மேல தின்னிருக்கு. சரி, நீங்க பாஸ்."

வேலை பிழைத்தது. ஆனால் யுதெல்கா எழுந்திருக்கவில்லை. யாருமே திருடவில்லை. தின்றதெல்லாம் சுவர்.

"நான் அவ்வளவு பேசினேனே, எர்சிலியாம்மா. ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாமே."

"வாஸ்கருக்குச் சத்தியம் பண்ணிட்டேன். அதோட, அன்னிக்குத் தப்பு என்னுதுன்னுதான் நினைச்சேன், மகளே." எர்சிலியா பீன்ஸில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். "பகல்ல நான் டிவி போடறதில்ல. நியூயார்க்ல இருக்கற என் பொண்ணு நுரிஸ் கூப்பிட்டாலும் எடுக்கறதில்ல. நான் படம் பாத்துப் பேசினா உன் வேலை கெட்டுப்போகும்ல. உன் குரல்தான் சுவர் வழியா கேக்குதே, அது நின்னப்புறம்தான் பேசுவேன். அன்னிக்கு மட்டும் பொறுக்க முடியல. பேத்தி பொறந்திருந்தா. முகத்தைப் பாத்துட்டேன்."

பேத்தி பிறந்த அன்று கொடுத்தனுப்பிய பாயசத்தை அல்லவா யுதெல்கா திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

அப்போது மேஜை மேலிருந்த எர்சிலியாவின் போன் அடித்தது. திரையில் நுரிஸின் பெயர். எர்சிலியா கையை நீட்டி, பாதியில் நிறுத்தி, பெட்டியில் செருகியிருந்த கேபிளைப் பார்த்தாள்.

"உன் வேலை முடிஞ்சுதா, மகளே?" என்று கேட்டாள். "நான் எடுக்கட்டுமா?"

யுதெல்கா கேபிளைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு எடுக்கச் சொல்லித் தலையாட்டினாள்.