றம்ஸியாவின் சேலைக்கு என்ன நிறம்?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது கதையல்ல, கட்டுரை: சில பழைய படங்கள் ஏன் பழசாவதில்லை? கல்முனைத் தகரக் கொட்டகைக்கு இந்த மாதம் இரண்டு பழைய படங்கள் மறுபடி வந்தன. ஐம்பத்தோராம் ஆண்டில் இரண்டுக்கும் அழுதவன் நான். இந்த ஐம்பத்தெட்டிலோ—

(இங்கே அடுத்த வீட்டு ஹமீட் வந்துவிட்டான். கட்டுரை போயிற்று.)

2

ஹமீட் மருதமுனையில் தறி நெய்பவன். கல்யாணமாகி முதல் பெருநாள் வருகிறது. அந்தப் படங்களில் ஒன்றில் கதாநாயகி உடுத்த சேலையைப் போலவே மனைவி றம்ஸியாவுக்குத் தன் கையால் நெய்து தருவதாக வாக்குக் கொடுத்திருந்தான். கரையும் பூவும் மனப்பாடம். நூலுக்குச் சாயம் போடும்போதுதான் வந்தது வினை. அவன் [      ] என்றான். அவள் [      ] என்றாள். படமோ கறுப்பு வெள்ளை.

(அடைப்புக்குள் நிறங்களை எழுதித்தான் இருந்தேன். அடித்துவிட்டேன். காரணம் பிறகு.)

வேறு நிறத்தில் நெய்தால் பழைய சேலையோடுதான் பெருநாள் என்று சொல்லிவிட்டாள் றம்ஸியா. பேச்சு நின்றது. நூல் வெள்ளையாகவே கிடந்தது.

3

ஹமீட் ஒரு முன்கோபக்கார— இல்லை, இந்த வாக்கியம் வேண்டாம். அவன் பயந்துபோயிருந்தான், அதுதான் சரி. குடியிருப்பது பெண்வீட்டில், மாமியின் கண்முன்னே முதல் பெருநாள் கெட்டுவிடக் கூடாதே. இருவரையும் பகல் காட்சிக்குப் போய் அந்தச் சேலைப் படத்தை மறுபடி பார்க்கச் சொன்னேன். நானும் போனேன், கட்டுரையைச் சாட்டாக வைத்து.

முந்தின வாரம் வந்த மற்றப் படத்தில் எல்லாரும் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொன்னார்கள். தான் ஏன் அழுகிறாள் என்பதைக்கூடக் கதாநாயகியே விளக்கினாள். சேலையின் நிறத்தையும் சொன்னாள். நமக்கென்று ஒரு வேலையும் மிச்சமில்லை. அன்று அழுத இடத்தில் இன்று கொட்டகையே சிரித்தது. இந்தப் படத்தில் அவள் ஒன்றும் சொல்லாமல் கதவைத் தாண்டிப் போகிறாள், அவ்வளவுதான். நான் மறுபடியும் அழுதேன்.

4

படம் முடிந்ததும் பெண்கள் பக்கத்து வாசலில் ஹமீட் காத்து நின்றான்.

"நீ சென்னதுதான் சரி புள்ள. இந்த முறை எனக்கு ஒண்ட நிறந்தான் தெரிஞ்ச."

றம்ஸியா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "எனக்கு ஒங்கட நிறந்தானே தெரிஞ்ச."

சண்டை தீர்ந்ததா என்றால், இல்லை. இப்போது அவள் நிறத்துக்காக அவன் வாதாடுகிறான், அவன் நிறத்துக்காக அவள். மருதமுனை வரை வாதாடிக்கொண்டே நடந்தார்கள். பின்னால் வந்த எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

5

முடிவு அ: நெடுக்கே ஓடும் பாவு ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடு மற்ற நிறம். [அழகாகத்தான் இருக்கிறது. அதனாலேயே வேண்டாம்.]

முடிவு ஆ: மாமி வந்து—

அதுவும் வேண்டாம். சாயச் சட்டி அடுப்பில் கொதிக்கிறது. இருவரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் உங்களைப் பார்க்கிறேன். அடைப்புகளை வெறுமையாகத்தான் விட்டிருந்தேன். ஆனாலும் இவ்வளவு நேரமும் அந்தச் சேலையை நீங்கள் ஏதோ ஒரு நிறத்தில்தானே பார்த்துக்கொண்டு வந்தீர்கள்? அந்த நிறத்தைச் சட்டியில் போடுங்கள். பெருநாள் நெருங்கிவிட்டது.