ஆயர் ஈத்தாம் லக்சா

யன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, தவநாயகி பெலாச்சானை வறுத்துக்கொண்டிருந்தாள். இறாலை அரைத்துக் காயவைத்த கறுப்புக் கட்டி அது. கிங்ஸ்பரித் தெரு முழுக்க நாறியிருக்கும். நாறட்டும். முன்பொருமுறை புருஷன் குலசேகரம் சீனக் கடையில் ஆசையாக வாங்கி வந்ததைக் குப்பையில் எறிந்தவளே அவள்தான். இன்றைக்கு அதே கடைக்குத் தங்கை சந்திரவதனாவை விரட்டி வாங்குவித்திருந்தாள்.

இன்றைக்கோ நாளைக்கோ என்று டொக்டர் காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நேற்றுவரை தண்ணீர்கூட வேண்டாமென்ற மனிசன், விடிந்ததிலிருந்து லக்சா கேட்கிறார், புளி மீன்குழம்பில் நூடில்ஸ் போட்டது.

முன்னறைக் கட்டிலில் கிடந்தபடியே அவர் பினாங்கில் நடந்துகொண்டிருந்தார். மலாயாவில் அவர் பிறந்து வளர்ந்த ஊர். சூலியா தெருவில் இரும்புச் சட்டியில் குவே தியாவ் நூடில்ஸ் பிரட்டுகிறவனைக் கடந்தார். கடற்கரையில் பசெம்பூர்ப் பலகார வண்டியடியில் கொஞ்சம் நின்றார். வெயில் ஏறுது, ஒரு செண்டோல் குடிப்பம் என்றார். வெளியே லண்டன் மழை தூறிக்கொண்டிருந்தது. ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் போகிற பஸ் வந்துவிட்டதா என்று கேட்டார். வந்திட்டுது, ஏறுங்கோ என்றாள் தவநாயகி.

அந்த ஊர்மேல் அவளுக்கு எப்போதும் எரிச்சல்தான். யாழ்ப்பாணம் வந்து அவளைக் கட்டுவதற்கு முந்திய ஊர். நித்திரையில் சிரித்துக்கொண்டு அங்கே போய்விடுவார். பக்கத்தில் படுத்திருப்பவள் யாரோபோலக் கிடப்பாள். சாகிற நேரத்திலாவது அந்த லக்சாக் கடை வாங்கில் தனக்கும் இருக்க ஒரு ஓரம் கிடைக்காதா என்று மனசு கிடந்து அடித்தது. வெட்கக்கேடு, இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அவர் வருஷக்கணக்காகச் சொன்னதை நினைத்து நினைத்து மீனை அவித்து உதிர்த்தாள், புளி கரைத்தாள், நூடில்ஸ் அவித்தாள், அன்னாசியும் புதினாவும் அரிந்தாள். எல்லாம் சரியாகத்தான் வந்தது. கடைசியில் கை தன்பாட்டுக்குக் கறித்தூள் போத்தலைத் திறந்துவிட்டது. வறுத்திடித்த யாழ்ப்பாணத்துத் தூள் குழம்பில் சிவப்பாகப் பரவிய பிறகுதான் கண்டாள். கெட்டுது போ! வேறு மீனும் இல்லை, நேரமும் இல்லை.

அழுகை முட்டிக்கொண்டு வர, அதையே கொண்டுபோய் ஒரு கரண்டி பருக்கினாள். அவர் கண்ணை மூடி, வாய்க்குள் வெகுநேரம் வைத்திருந்தார்.

"கை மாறியிருக்கு, தவுக்கே," என்றார். பினாங்கு லக்சாக் கடைச் சீன முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவாராம். "ஆனா நல்லா இருக்கு."

"ஓம்," என்றாள்.

"இன்னொண்டு கட்டித் தா. வீட்டில மனுசி பாத்துக்கொண்டிருப்பா. உறைப்புக் கூடப் போடு, அவ யாழ்ப்பாணத்து ஆள்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கட்டுறன்," என்றாள்.

குசினிக்குப் போய், ஒரு கோப்பையில் ஊற்றி, தட்டால் மூடி வைத்துவிட்டு வந்தாள். அதற்குள் அவர் போய்விட்டிருந்தார். வாயோரத்தில் குழம்பு கொஞ்சம் ஒட்டியிருந்தது. விரலால் துடைத்துவிட்டாள்.

பக்கத்துத் தெருவிலிருந்து சந்திரவதனா ஓடி வந்து அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். செத்த வீட்டில் சமைத்ததை வைத்திருக்கக்கூடாது. பானையைச் சிங்கில் கவிழ்த்துக் கழுவினாள். மூடியிருந்த கோப்பையையும் எடுத்தாள்.

"அதை வை," என்றாள் வாசலில் நின்ற தவநாயகி. "அது அவர் எனக்கு வாங்கினது."

சந்திரவதனா அக்காவின் முகத்தைப் பார்த்தாள். கோப்பையைத் திரும்ப மேசையில் வைத்தாள். தட்டு இன்னும் இளஞ்சூடாக இருந்தது.